மதினி சுகமா என்று கேட்ட அன்று

நம் பள்ளிவாசலின் குடும்ப இணக்கக் குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் என் ஸலாம்.

உங்களுடைய முதல் கூட்டத்துக்கு வந்து என் அனுபவத்தைப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். நானும் வந்தேன். வாசலில் கழற்றி வைத்திருந்த செருப்புகளைப் பார்த்தேன். அவ்வளவு பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் திரும்பிப் போய்விட்டேன். கூட்டத்தின் முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதித் தருகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு உப்பளத்தில் இறங்கியவன் நான். பிழை இருந்தால் வாசிப்பவர் திருத்தி வாசியுங்கள்.

நீங்கள் எல்லோரும் பயிற்சி எடுத்து வந்தவர்கள். என்ன படிவம் நிரப்புவது, எந்தக் காகிதத்தை எங்கே அனுப்புவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். இத்தனை வருடம் கழித்தும் சரியா பிழையா என்று எனக்கு விளங்காத ஒரு விஷயம் இருக்கிறது. அதை உங்கள் முன் வைக்கிறேன். உங்களில் யாருக்காவது விளங்கினால் எனக்கு வந்து சொல்லுங்கள்.

முதலில், வாயில்லாத ஒருவன் இந்த வேலைக்கு எப்படி வந்தான் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் அது வியப்புத்தான். அப்போது குழுவின் தலைவராக இருந்த ஹாஜியார் ஒரு நாள் உப்பளத்துக்கே வந்துவிட்டார். நான் உப்பு வாரும் வாரியோடு நின்றேன். "நாளைப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலுக்கு வா, குழுவில ஒரு கதிரை காலியா இருக்கு" என்றார்.

"ஹாஜியார், எனக்குக் கதைக்கத் தெரியாதே."

"கதைக்கத் தெரிஞ்சவங்க ஆறு பேர் இருக்கிறாங்க. ஊர் முழுக்கக் கதைச்சிட்டு வாறாங்க. எனக்கு ஒரு ஆள் வேணும், இங்க கேட்டதை வீட்டுக்குக் கொண்டு போகாத ஆள்."

இதற்கு நான் என்ன சொல்வது? போனேன்.

முதல் அமர்வில் நான் ஒரு சொல்லும் பேசவில்லை. இரண்டாவதிலும் பேசவில்லை. மூன்றாவதில் ஒரு மாமியார் என்னைக் கைநீட்டிக் காட்டி, "இந்த மனுசன் எதுக்கு இருக்கிறாரு? கதிரை களவு போகும் என்டு காவலா?" என்று கேட்டார். ஹாஜியார் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அதுவரை அடுத்தடுத்த அறைகளிலிருந்து ஏசிக்கொண்டிருந்த இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. அன்றைக்கு அந்தப் பிரச்சினை தீர்ந்தும் போனது. நான் அங்கே செய்த முதல் உதவி அதுதான் என்று ஹாஜியார் பிறகு பலமுறை சொல்லிக் காட்டுவார்.

எங்கள் வேலை நடக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது உங்களுக்குக் குளிரூட்டிய அறை இருக்கிறது. அப்போது குர்ஆன் மதரஸாவின் இரண்டு வகுப்பறைகள்தான். ஒன்றில் மாப்பிள்ளை பக்கம், மற்றதில் பெண் பக்கம். சின்னப் பிள்ளைகளின் தாழ்ந்த வாங்குகளில் பெரிய மனிதர்கள் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருப்பார்கள். சுவரில் அலிஃப், பா, தா என்று அரபு எழுத்துகள் எழுதியிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டுதான் ஒருவரையொருவர் ஏசுவார்கள். நேருக்கு நேர் இருத்தினால் பேச்சு முற்றிவிடும் என்பதால் பிரித்து இருத்துவோம். ஒரு ஆள் இரண்டு அறைக்கும் இடையே நடந்து, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் கொண்டு போக வேண்டும். அந்த நடக்கும் வேலை எனக்கு விழுந்தது. பேச்சு என்னுடையதாக இல்லாதபடியால் எனக்கு அது கஷ்டமாக இருக்கவில்லை.

ஹாஜியார் எனக்கு ஒரேயொரு சட்டம் வைத்தார். ஒரு அறையில் கேட்டதை அடுத்த அறைக்குக் கொண்டு போகும் முன், "இதைச் சொல்லவா?" என்று கேட்க வேண்டும். சொல்லு என்றால் சொல்லலாம். வேண்டாம் என்றால் அது உன்னோடு கபுருக்குழிக்குப் போக வேண்டும். இந்தச் சட்டத்தை நான் மீறியதில்லை. மீறியதில்லை என்றுதான் நினைக்கிறேன். என் குழப்பமே அங்கேதான் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதும் முன்னும் "சொல்லவா?" என்று உரியவர்களிடம் கேட்டுக்கொண்டேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்கள் குடியிருந்த ஊரையும் நான் சொல்லவில்லை. இதுபோன்ற கதை நம் பக்கத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஒன்று இருக்கிறது, ஆகவே யாரையும் தேடிப் போகாதீர்கள்.

நிஸார் கற்பிட்டிப் பக்கத்துப் பிள்ளை. உச்சமுனைத் தீவில் வாடிக் குடிசை போட்டுக் கடல்தொழில் செய்தான். வியாழன் பின்னேரம் வீட்டுக்கு வந்து, சனிக்கிழமை திரும்பிப் போவான். அவன் மனைவி ரினோசாவின் குடும்பம் தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்த குடும்பம். ரினோசா இங்கே பிறந்தவள். நம் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவந்தான். ஒரு மகள், சஹ்லா. எட்டு வயது இருக்கும்.

யுத்தம் முடிந்த பின் மன்னாரில் அவர்களின் காணி திரும்பக் கிடைத்தது. ரினோசாவின் உம்மா நோயாளி. சொந்த மண்ணுக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நின்றார். மூத்த மகன் ஜவ்பர் முன்னால் போய் வீடு கட்டினான். உம்மாவைப் பார்க்க வேறு பெண்பிள்ளை இல்லை. ரினோசா போக வேண்டியிருந்தது. நிஸாரும் போய்ப் பார்த்தான். அங்கே கரையில் வள்ளம் இழுத்து வைக்க அந்த ஊர்த் தொழிலாளிகள் இடம் கொடுக்கவில்லை. ஒரு பருவம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டுத் திரும்பி வந்தான். அவள் அங்கே, அவன் இங்கே. ஒரு வருடம் போனது, இன்னொரு வருடமும் போனது. ஜவ்பர் ஆள் மேல் ஆள் அனுப்பினான், வைத்து வாழ் அல்லது விட்டுவிடு என்று. நிஸார் திரும்ப அங்கே போகவுமில்லை, அவளை விடவுமில்லை.

கடைசியில் ரினோசாவின் பெயரில் காதி நீதிமன்றத்தில் பஸஹ் விண்ணப்பம் போட்டார்கள். மனைவி கேட்கும் இந்த விவாகரத்துக்குக் கணவனின் குற்றத்தைச் சொல்ல வேண்டும், சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். நிஸார் அடித்தான், துன்புறுத்தினான் என்று ஜவ்பர் எழுதுவித்தான். இரண்டு சாட்சிகளையும் பிடித்து வைத்திருந்தான். விசாரணைக்கு முன் ஒரு தடவை பேசிப் பாருங்கள் என்று காதியார் எங்களிடம் அனுப்பினார். நாங்கள் பேசினோம். ஒவ்வொரு அமர்விலும் வந்த இடத்திலேயே நின்றோம்.

கடைசி அமர்வு விசாரணைக்கு முந்திய நாள் வைக்கப்பட்டது. அன்றைக்கு ஹாஜியார் நெஞ்சு நோவென்று புத்தளம் ஆஸ்பத்திரியில். குழுவில் மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து மக்காவுக்கு உம்ரா போயிருந்தார்கள். நானும் மௌலவியும் மட்டும். மௌலவிக்கும் பகலில் டவுனில் ஒரு ஜனாஸா அடக்கம் வந்துவிட்டது. போகும்போது என்னிடம், "நான் அஸருக்குள்ள வந்திடுவேன். அதுவரைக்கும் ரெண்டு பக்கத்தையும் எழும்பிப் போக விடாம வச்சுக்கொள்ளுங்க, வேறொண்டும் செய்ய வேணாம்" என்றார்.

அஸர் முடிந்தது. மௌலவி வரவில்லை. தலவில தேவாலயத் திருவிழாக் காலம். கற்பிட்டி வீதி முழுக்கப் பஸ்ஸும் வேனும் நின்றுவிட்டதாகவும், தான் நுரைச்சோலைக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதாகவும் தொலைபேசியில் சொன்னார். பின்னால் யாரோ ஹோன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

இரண்டு அறையும் என்னைப் பார்த்தன. நான் தேத்தண்ணி கொண்டு வரச் சொன்னேன். அதைக் குடித்து முடித்தார்கள். இன்னொரு தடவை தேத்தண்ணி சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஜவ்பர் வாங்கிலிருந்து எழுந்து நிஸார் இருந்த அறைக்கே வந்துவிட்டான். வயதில் மூத்தவனான என்னை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன நானா, எங்களைக் கலியாணச் சாப்பாட்டுக்கா கூப்பிட்டீங்க? தேத்தண்ணிக்கு மேல தேத்தண்ணி. நாளைக்கு எங்கட சாட்சி வாறாங்க. இவன் அடிச்சான் என்டு சத்தியம் பண்ணுவாங்க. கதை முடிஞ்சுது."

நிஸார் தலை குனிந்து இருந்தான். அவனும் என்னைப்போலத்தான், அதிகம் பேசாதவன். திடீரென்று நிமிர்ந்தான்.

"சாட்சி எதுக்கு மச்சான்? நானே ஒத்துக்கொள்ளுறன். அடிச்சேன் என்டு எழுதுங்க. என்னென்ன எழுத வேணுமோ எல்லாத்தையும் எழுதுங்க. நாளைக்கு காதியார் கேட்டா ஓம் என்டு சொல்லுறன்."

ஜவ்பரே திகைத்துவிட்டான். பிறகு என் தோளைத் தட்டினான். "கேட்டீங்களா? உங்கட காதால கேட்டீங்கதானே? போங்க, போய் அங்க சொல்லுங்க."

நான் நிஸாரிடம், "சொல்லவா?" என்று கேட்டேன்.

"சொல்லுங்க."

பெண் பக்கத்து அறையில் ரினோசாவும் அவள் உம்மாவும் இருந்தார்கள். நான் வாசலில் நின்று, எல்லாவற்றையும் அவர் ஒத்துக்கொள்கிறாராம், அடித்ததாகவும் ஒத்துக்கொள்கிறாராம் என்று சொன்னேன். உம்மா கையை உயர்த்தி, "அல்ஹம்துலில்லாஹ், இப்பவாவது வாய் திறந்தானே" என்றார்.

ரினோசா எழுந்துவிட்டாள். "பொய்" என்றாள்.

"என்ன பொய்?"

"அவர் ஒரு நாளும் என்னில கை வச்சதில்ல. ஜவ்பர் காக்கா எழுதுவிச்சது. நான் கையெழுத்து வச்சது என்ட பிழை, அதுல என்ன எழுதியிருக்கு என்டு பிறகுதான் வாசிச்சேன். நாளைக்கு காதியார் கேட்டா, இல்லை என்டு சொல்லிடுவேன்."

"அடியே, அவனே ஒத்துக்கொள்ளுறான், உனக்கு என்ன?" என்றார் உம்மா.

"சஹ்லாட வாப்பாவை அடிகாரன் என்டு காதி கோட்டில எழுதி வைக்கப் போறீங்க. அது அங்கயே கிடக்கும். அவள் வளந்து ஒரு நாள் போய் வாசிப்பாள். அப்ப நான் அவளுக்கு என்ன சொல்ல? உன்ட உம்மம்மாக்கு அவசரம், அதனால எழுதினோம் என்டா?"

இதைச் சொல்லவா என்று கேட்டேன். சொல்லுங்கள் என்றாள். திரும்ப நடந்தேன். நிஸாரிடம் சொன்னேன். அவன் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்தான்.  ஜவ்பர்தான் கத்தினான்.

"அவளுக்கு விசர்! பொண்டாட்டியா இருக்கவும் மாட்டாள், பிரியவும் மாட்டாள். இவனுக்கும் விசர். செய்யாததைச் செஞ்சேன் என்கிறான், செய்யச் சொன்னதைச் செய்ய மாட்டேன் என்கிறான். நானா, நீங்க சொல்லுங்க, ஒரு சொல்லுதானே? தலாக் என்டு அவன் வாயால சொன்னா எல்லாம் முடிஞ்சுதே. நாங்க ஏன் கோட்டுக்குப் போகணும்?"

எனக்கும் அதுதான் விளங்கவில்லை. பிரிய விருப்பமில்லாதவன் குற்றத்தை ஏன் ஒத்துக்கொள்கிறான்? விருப்பமுள்ளவன் அந்தச் சொல்லை ஏன் சொல்லவில்லை? என்னைச் சுற்றி எல்லோரும் நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தார்கள்.  கைகால் கழுவி ஒளு எடுத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியான ஹவுலுக்குப் போனேன். மஃரிப் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. உண்மையில் நான் தப்பித்துத்தான் போனேன்.

காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் நிஸார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவனும் தப்பித்துத்தான் வந்தான் போலிருக்கிறது.  ஹவுலில் இருந்த சின்ன மீன்கள் எங்கள் கால்விரல்களைக் கடித்தன. பிறகு அவன் தண்ணீரைப் பார்த்தபடியே பேசினான்.

"நானா, ஒண்டு சொல்றன். உள்ளுக்குக் கொண்டு போகாதீங்க."

"சரி."

"எங்கட ராத்தாவைத் தெரியும்தானே?"

அவன் மூத்த சகோதரியை, ரினோசாவுக்கு மதினி முறையானவளை, எனக்குத் தெரியும். கணவன் வெளிநாட்டில் இருந்துகொண்டே அவளை விட்டுவிட்டான் என்பதும் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"அவ மீன் பொரிச்சுக்கொண்டு நிண்டா. போன் வந்துச்சு. காதுக்கும் தோளுக்கும் இடையில போனை வச்சுக்கொண்டே மீனைத் திருப்பிப் போட்டா. அங்க இருந்து அவன் அந்தச் சொல்லைச் சொல்லிட்டான். அவ்வளவுதான். ராத்தா பொரிச்ச மீனை இறக்கி வச்சிட்டு, அடுப்பை அணைச்சிட்டு, பிறகுதான் உக்காந்தா. இப்பவும் அவ மீன் பொரிக்க மாட்டா, நானா. குழம்பு ஆக்கித்தான் தருவா." அவன் ஒரு கை தண்ணீர் அள்ளி முகத்தில் அடித்தான். "அண்டைக்கு நான் உம்மாட தலையில கை வச்சு நேர்ந்துகொண்டேன். அந்தச் சொல் என்ட வாயால எந்தப் பொம்பிளைக்கும் வராது. என்னை அடிகாரன் என்டு எழுதட்டும், குடிகாரன் என்டும் எழுதட்டும். காதியார் வெட்டி விடட்டும். எனக்குச் சொல்ல ஏலாது."

"இதை உள்ளுக்குச் சொன்னா..."

"வேணாம். ஜவ்பர் கேட்டா ஊர் கேட்டது. ராத்தா இப்பதான் வாசலுக்கு வந்து நிக்கிறா. திரும்ப அவட கதை ஊர் வாயில வரக் கூடாது."

நான் சரி என்று சொல்லிவிட்டேனே. என்ன செய்வது?

தம்பிமாரே, தங்கச்சிமாரே, நான் ஹவுலிலிருந்து மதரஸாவுக்கு நடந்த அந்தக் கொஞ்சத் தூரத்தில் என் தலைக்குள் என்ன ஓடியது என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஏதோ ஒரு திட்டத்தோடு போனேன் என்று நினைக்காதீர்கள். இவ்வளவும் தெரிந்துகொண்டு ஒன்றும் தெரியாதவன்போல வாசலில் போய் நிற்க வேண்டும் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சொன்னால் ஒருவனின் நம்பிக்கையை உடைத்தவன் ஆவேன். சொல்லாவிட்டால் நாளை காலை பொய்ச் சாட்சி சத்தியம் செய்யும், அவள் அதை இல்லையென்பாள், அண்ணனும் தங்கையும் காதியார் முன்னால் சண்டை பிடிப்பார்கள், அந்த எட்டு வயதுப் பிள்ளை ஆளுக்கொரு பக்கம் இழுபடும்.

பெண் பக்கத்து அறை வாசலில் நின்றேன். ரினோசா தலை முக்காட்டின் நுனியைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். "அவர் என்ன சொல்றார்?" என்று கேட்டாள்.

கொண்டு வர எனக்கு அனுமதி கிடைத்த சொல் ஒன்றுமே இல்லை. வெறுங்கையோடு வந்திருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்.

"தங்கச்சி, உங்கட மதினி சுகமா இருக்கிறாவா?"

அவள் உம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லா இருக்கு! இங்க வீடு பத்துது, இவரு சம்பந்தி வீட்டுச் சுகம் விசாரிக்க வந்திருக்காரு. வாய் பேசாத மனுசன் வாயத் திறந்தா இப்பிடித்தான்."

ரினோசா சிரிக்கவில்லை. முக்காட்டு நுனி அவள் விரலில் சுற்றியபடியே நின்றுவிட்டது. என்னைப் பார்க்காமல் சுவரில் எழுதியிருந்த எழுத்துகளைப் பார்த்தாள்.  

"மதினிக்கு அந்தப் போன் வந்த அண்டு நானும் குசினியில இருந்தேன்" என்றாள் மெதுவாக. "வெங்காயம் வெட்டிக்கொண்டு. அவர் வாசல்ல நிண்டார். எல்லாத்தையும் பார்த்துக்கொண்டு நிண்டார்."

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"நான் வேற மாதிரி நினைச்சேன், நானா" என்றாள். "என்னை விடாம வச்சுக்கொண்டே இன்னொண்டு கட்டப் போறார் என்டு காக்கா சொன்னார். நானும் நம்பினேன்." முக்காட்டு நுனியை விரலிலிருந்து அவிழ்த்தாள். பிறகு, "நான் கேட்டா சரிவருமா? குற்றம் ஒண்டும் சொல்லாம, பிரிஞ்சு போவோம் என்டு நான் கேட்டு, அவர் சம்மதம் என்டு மட்டும் சொன்னா? அந்தச் சொல்லு இல்லாம?"

"எந்தச் சொல்லு?" என்றார் உம்மா.

"உங்களுக்கு இல்ல உம்மா."

எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அது உண்மை. மௌலவி வரட்டும் என்றேன்.

மௌலவி வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். அவரிடம் ரினோசாவே கேட்டாள். அவர் மார்க்கச் சட்டக் கிதாபைப் பார்த்தார், காதியாருக்குத் தொலைபேசி எடுத்து நெடுநேரம் பேசினார். இருவரும் விரும்பி உடன்பட்டுப் பிரியும் வழி இருக்கிறது, அதற்குச் சாட்சியும் வேண்டாம், குற்றமும் வேண்டாம், அவள் கேட்கட்டும், அவன் ஏற்றுக்கொள்ளட்டும் என்றார். இவ்வளவு நாளும் இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று என்னிடமே கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். நிஸார் விட மாட்டேன் என்கிறான் என்றுதானே எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் நிஸாரிடம் போனேன். "அவ கேட்பா. நீ சம்மதம் என்டு சொன்னாப் போதும். வேற ஒரு சொல்லும் உன்ட வாயால வரத் தேவையில்ல. அடிச்சதா எழுதினதையும் அவ வாபஸ் வாங்குறா."

நிஸார் என்னையே பார்த்தான். "இது யார் சொன்ன யோசனை?"

"அவதான்."

"அவளுக்கு எப்பிடி..." என்று தொடங்கி, "நீங்க..." என்றான்.

அதற்குள் மௌலவி உள்ளே வந்துவிட்டார். நிஸார் கேட்க வந்ததைக் கேட்கவில்லை.  மகள் பள்ளிக்கூட நாளில் உம்மாவோடு, விடுமுறைக்கு வாப்பாவோடு என்று பேசி முடித்தார்கள். ஜவ்பர் முணுமுணுத்தான். அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அடுத்த நாள், விசாரணை நடக்கும் காதியார் வீட்டில் எல்லாம் சீக்கிரமாக முடிந்தது. ரினோசா நடுங்காமல் கேட்டாள். நிஸார் சம்மதம் என்றான். அவன் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை, ஆனால் காதியார் திரும்பக் கேட்டபோது தெளிவாகச் சொன்னான். ஜவ்பரின் சாட்சிகள் இருவரும் வேலை இல்லாமல் வெளியே மரநிழலில் நின்றார்கள்.

நான் வெளியே வந்தபோது ஒன்றைப் பார்த்தேன். உச்சி வெயில். வாசல் மணல் கொதித்தது. நிஸார் முதலில் வெளியே வந்தான். தன் செருப்பைப் போட்டான். பிறகு குனிந்து ரினோசாவின் செருப்பை எடுத்து, வெயிலில் கிடந்ததைச் சுவர் நிழலுக்குத் தள்ளி, அவள் கால் வைக்கத் தோதாகத் திருப்பி வைத்தான். யாராவது பார்க்கிறார்களா என்றும் அவன் பார்க்கவில்லை. பல வருடம் செய்த பழக்கத்தில் கை தானாகச் செய்தது போலத்தான் இருந்தது. அவள் வந்து, அதைப் போட்டுக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. அந்த இரண்டு பேரும் பிரிய வேண்டியவர்கள்தானா? ஹவுலில் அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு நான் மதினியைப் பற்றிக் கேட்காமல், வள்ளம் இழுக்கக் கரை கிடைத்தால் நீ போவாயா என்று அவனிடம் கேட்டிருந்தால்? அந்த ஊர்த் தொழிலாளிகளிடம் பேசிப் பார்ப்போம் என்று எங்களில் ஒருவருக்கும் ஏன் தோன்றவில்லை? நல்லபடியாகப் பிரிய ஒரு வழி கிடைத்த சந்தோஷத்தில், சேர்ந்திருக்க ஒரு வழியைத் தேடாமல் விட்டோமா? அல்லது அவர்கள் அப்படி அன்பாகப் பிரிந்ததே அல்லாஹ் தந்த நல்ல முடிவா? சில நாள் ஒன்று சரியென்று படும், சில நாள் மற்றது.

ஹாஜியாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவரிடம் ராத்தாவின் கதையைச் சொல்லவில்லை. ஒருவன் ஒரு விஷயத்தைக் கொண்டு போகாதே என்றான், நான் கொண்டு போகவில்லை, ஆனால் ஒரு கேள்வி கேட்டேன், அதிலிருந்து மற்றவளுக்கு விளங்கிவிட்டது, நான் சட்டத்தை மீறினேனா என்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன்.

"நீ சொல்லல்ல" என்றார்.

"ஓம்."

"ஆனா அவளுக்குத் தெரிஞ்சிட்டு."

"ஓம்."

"கேட்கக்குள்ள அவளுக்கு விளங்கும் என்டு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது, ஹாஜியார். தெரிஞ்சிருக்குமோ என்டும் தெரியாது."

அவர் தலையணையில் தலையைத் திருப்பினார். "எனக்கும் தெரியல்ல, மகன். இதுக்கு நான் சட்டம் வைக்கல்ல" என்றார். பிறகு தாதி வந்து என்னை எழுப்பி அனுப்பினார்.

அவரும் இப்போது இல்லை. கேட்க வேறு ஆளில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். உங்களிடம் யாராவது ஒன்றைச் சொல்லி, கொண்டு போகாதே என்பார்கள். நீங்களும் சரி என்பீர்கள். அந்தச் சரியைச் சொல்லும் முன், அது எவ்வளவு பாரம் என்று ஒரு தடவை யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை. வேறு எந்தப் புத்திமதியும் என்னிடம் இல்லை.

பல மாதம் கழித்து மீன் வாங்க இறங்குதுறைக்குப் போனேன். நிஸாரின் வள்ளம் நின்றது. பள்ளிக்கூட விடுமுறை போலிருக்கிறது, சஹ்லா வள்ளத்தின் முன்னணியத்தில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டிருந்தாள். உச்சமுனைக்குக் கூட்டிப் போகிறான். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவன் கண்டுவிட்டான். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி கூப்பிட்டான்.

"நானா! அண்டைக்கு நீங்க உள்ளுக்கு என்ன சொன்னீங்க?"

"ஒண்டும் சொல்லல்ல."

"அப்ப அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

"உன்ட ராத்தா சுகமா என்டு கேட்டேன். அவ்வளவுதான்."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். கோபமா, வேறு ஏதாவதா, எனக்குப் பிடிபடவில்லை. பிறகு திரும்பி வள்ளத்தைத் தள்ளினான். ஏறி உட்கார்ந்தான். மகளை உள்பக்கமாக நகர்ந்து இருக்கச் சொன்னான். எஞ்சின் கயிற்றில் கை வைத்தவன், இழுக்காமல் நிறுத்தி என் பக்கம் பார்த்தான்.

"ராத்தா சுகமா இருக்கா, நானா" என்றான்.

கயிற்றை இழுத்தான். வள்ளம் களப்புத் தண்ணீரைத் தாண்டி, எனக்கு மீன் வாங்க வந்தது மறந்துபோகும் வரை, போய்க்கொண்டே இருந்தது.